முன்புறப் புல்தரை கட்டாந்தரையாகிவிட்டது: விதை போட்டால் தேறுமா?

முன்வாசல்:

எல்லோருக்கும் வணக்கம். புதிதாகக் குடிவந்த வீட்டின் முன்னால் சுமார் 60 சதுர மீட்டர் புல்தரை இருக்கிறது. இருந்தது என்று சொல்வதுதான் சரி. முன்பு இருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை போலும். நடுவில் திட்டுத் திட்டாக வழுக்கை, ஓரமெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் களை. படியிலிருந்து கேட் வரை ஆள் நடந்து நடந்து தரை சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டி மட்டும் ஒரு முழ அகலத்துக்கு எதுவுமே முளைப்பதில்லை, களைகூட இல்லை. மூலையில் ஒரு பெரிய மரம். அதனடியிலும் வெறும் மண்தான்.

வெயில் பிரதேசம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அரைக் கிலோ அருகம்புல் விதை வாங்கி வைத்திருக்கிறேன். களையை வெட்டிவிட்டு அப்படியே விதையைத் தூவலாமா, முழுவதையும் கொத்திப் புரட்ட வேண்டுமா? ஜிப்சம் போட்டால் மண் இளகும் என்கிறார்கள், உண்மையா?

மண்வெட்டி:

விதைப் பையை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். பழைய புல் எதனால் போனது என்று தெரியாமல் புது விதை போட்டால், அதுவும் அதே வழியில் போகும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரே நோய் இல்லை, இடத்துக்கு இடம் வேறு வேறு காரணம். இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்:

தரையை நன்றாக நனைத்து, மறுநாள் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? சுவர் ஓரத்தில் ஒரு சாண் தோண்டினால் என்ன வருகிறது? மரத்தடியில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? களையில் ஒன்றைப் பிடுங்கித் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருண்டையா, மூன்று பட்டையா?

ஜிப்சம் பற்றி: சோடியம் மிகுந்த களர் மண்ணில்தான் அது வேலை செய்யும். ஆள் மிதித்து இறுகிய மண்ணை அது இளக்காது. மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சமும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

முன்வாசல்:

பார்த்துவிட்டேன். நடுப்பகுதியில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்குகிறது. நடைத் தடத்தில் இரண்டு விரற்கடை இறங்கியதும் நின்றுவிடுகிறது, உடம்பின் பாரத்தைப் போட்டாலும் அசையவில்லை.

சுவர் ஓரத்தில் தோண்டினால் மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். ஒரு கட்டி மேல் வினிகர் ஊற்றிப் பார்த்தேன், நுரைத்துக்கொண்டு பொங்கியது. மரத்தடியில் காலையில் இரண்டு மணி நேரம் வெயில், அப்புறம் நிழல்தான். களைத் தண்டு மூன்று பட்டையாக இருக்கிறது. பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வருகிறது, அடியில் ஏதோ கறுப்பாக உருண்டையாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

மண்வெட்டி:

இப்போது வழி தெரிகிறது. சுவர் ஓரத்தில் இருப்பது கட்டட வேலையின் மிச்சம். சிமெண்ட், சுண்ணாம்புக் கலவை எல்லாவற்றையும் அங்கேயே கொட்டி, மேலே ஒரு கூடை மண்ணைத் தூவி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மேலே எவ்வளவு உரம் போட்டாலும் விரயம். இடிபாட்டை அள்ளி வெளியே போட்டுவிட்டு, குறைந்தது 15 செ.மீ. ஆழத்துக்கு நல்ல மண் நிரப்புங்கள். நிரப்பிய மண் அமுங்கும், அதனால் மற்ற இடத்தைவிடச் சற்று உயர்த்தியே விடுங்கள்.

மரத்தடியில் அருகு வராது. அதற்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வம்பாக விதைத்தால் முளைக்கும், நீளமாக வெளிறி வளரும், பிறகு காணாமல் போகும். அந்த மூலையைப் புல்தரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். நிழல் தாங்கும் செடிகள் வைக்கலாம், இல்லாவிட்டால் சருகு மூடாக்கு போதும். ஆனால் அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றாதீர்கள், பட்டை அழுகும்.

உங்கள் பெரிய தலைவலி அந்த மூன்று பட்டைத் தண்டுதான். அது கோரை.

டிராக்டர்தாசன்:

எதற்கு இவ்வளவு யோசனை? மண்ணைக் கிளறிப் புரட்டும் ரோட்டவேட்டர் வைத்து ஒரே ஓட்டு ஓட்டி, சமன் செய்து விதைத்தால் முடிந்தது வேலை. நான் அப்படித்தான் செய்தேன், அருமையாக வந்தது.

கோரைக்கிழங்கு:

ஐயா, உங்கள் நிலத்தில் கோரை இல்லை, அதனால் வந்தது. இவர் நிலத்தில் ரோட்டவேட்டர் விட்டால் நட்டு வைத்த மாதிரிதான். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் மணிமாலை போலக் கோத்துக்கிடக்கும். மாலை அறுபடாதவரை நுனியில் இருப்பது மட்டும் முளைக்கும், பின்னால் உள்ளவை பெரும்பாலும் உறங்கும். அறுத்துச் சிதறடித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலை தூக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து மூடலாம் என்று நினைக்காதீர்கள், ஊசி மாதிரி முளை பிளாஸ்டிக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இரண்டு வழி உண்டு. கோரை ஓரத்தில் மட்டும் இருந்தால் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டியாகப் பெயர்த்து, சலித்து, கிழங்கைப் பொறுக்குங்கள். பெரும்பாலான கிழங்கு மேல் 15 செ.மீ.க்குள்தான் இருக்கும். பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் பரப்பிக் காய வையுங்கள், கோரைக் கிழங்கு காய்ச்சலைத் தாங்காது.

பரப்பு அதிகமென்றால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. இலை நான்கைந்து விட்டு மும்முரமாக வளரும்போது அடித்தால்தான் மருந்து கிழங்கு வரை இறங்கும். வெட்டிய உடனே அடித்தால் பட இலையே இருக்காது. உறங்கும் கிழங்கு தப்பும், அதனால் மறுபடி தளிர்த்ததும் இன்னொரு முறை தேவைப்படும். பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது, உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்வாசல்:

மருந்து வேண்டாம், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. தோண்டிப் பொறுக்கிவிடுகிறேன். ஆனால் கோரை தவிர மற்ற களை விதைகளும் மண்ணில் நிறைய இருக்குமே?

மண்வெட்டி:

இருக்கும். அதற்குத்தான் பொய் விதைப்பு. விதைக்கப் போவது போலவே எல்லாம் தயார் செய்து, சமன் செய்து, விதை போடாமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் களை பச்சையாகக் கிளம்பும். அப்போது களைக்கொத்தால் மேலாக, ஒரு விரற்கடைக்கு மேல் ஆழம் போகாமல் செதுக்குங்கள். ஆழமாகப் போனால் கீழே உறங்கும் அடுத்த படையை நாமே மேலே கொண்டு வருகிறோம். பொறுமை இருந்தால் இன்னொரு சுற்று. ஒரு மாதம் தள்ளிப்போகிறதே என்று தோன்றும். விதைத்த பிறகு நூல் மாதிரி இருக்கும் அருகுக்கு நடுவே களை பறிப்பது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தவர்கள் தள்ளிப்போடுவார்கள்.

நடைத் தடத்தைக் கடப்பாரை போட்டு ஒரு சாண் ஆழத்துக்கு உடைத்து, மக்கிய தொழு உரம் கலக்கலாம். ஆனால் அதே வழியில்தான் தினமும் நடப்பீர்கள் என்றால் திரும்பவும் இறுகும். நானாக இருந்தால் அங்கே பாவுகல் பதித்துவிடுவேன். தொழு உரம் மக்காமல் இருந்தால் புதுக் களை விதையைக் காசு கொடுத்து வாங்கிய கதைதான், பார்த்து வாங்குங்கள்.

மேல் மண்ணைப் பல்வாரியால் வாரி, கட்டி உடைத்து, வீட்டிலிருந்து வெளிப்பக்கம் மெல்லச் சரியும்படி வையுங்கள். மீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு செ.மீ. வாட்டம் போதும்.

முன்வாசல்:

விதையளவு எவ்வளவு? பையில் பசுமையான விளையாட்டு மைதானப் படம் போட்டிருக்கிறது, முளைப்புத்திறன் பற்றி ஒன்றும் இல்லை.

தூறல்:

படத்தை நம்பாதீர்கள். மைதானங்களில் பெரும்பாலும் இருக்கும் டிஃப்வே போன்ற கலப்பின அருகு மலட்டுப் புல், அதில் முளைக்கும் விதையே கிடையாது. கரணை நட்டோ பாய்போல் வெட்டியெடுத்து விரித்தோதான் வளர்ப்பார்கள். உங்கள் பையில் இருப்பது சாதாரண அருகு. அதில் தவறில்லை, அந்தப் பட்டு மென்மை மட்டும் வராது.

முதலில் ஐம்பது விதையை எண்ணி ஈரத் துணியில் மடித்துக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். விதையைக் கூர்ந்து பாருங்கள். உமி நீக்கியது வழுவழுப்பாக ஆரஞ்சு கலந்த பழுப்பில் இருக்கும், உமியோடு இருப்பது வைக்கோல் நிறம். உமி நீக்கியது ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும், உமியுள்ளது மூன்று வாரம்கூட எடுக்கும். நல்ல விதை என்றால் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம். மரத்தடியும் பாவுகல்லும் போக 40 சதுர மீட்டர் என்றால் 200 முதல் 400 கிராம். நெருக்கமாகப் போட்டால் சீக்கிரம் பச்சையாகும் என்று கொட்டிவிடாதீர்கள். நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி, அடி அழுகி, வட்ட வட்டமாகச் சாயும்.

முன்வாசல்:

துணியில் வைத்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் முளைத்தது.

தூறல்:

அப்படியானால் 10 கிராம் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், பை சரியாக இருக்கும். விதை கடுகைவிடப் பொடி, தனியாகக் கையில் நிற்காது. நான்கைந்து மடங்கு உலர்ந்த மணல் கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் விசிறுங்கள். காற்றில்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். வாரியின் முதுகுப் பக்கத்தால் லேசாக இழுத்தால் போதும், அரை செ.மீ.க்கு மேல் மண் மூடினால் வராது. அப்புறம் பலகை போட்டு மிதித்தோ உருளை விட்டோ அழுத்துங்கள். விதையும் மண்ணும் ஒட்டியிருக்க வேண்டும், பாதி முளைப்பு அதில்தான் இருக்கிறது. கடைசியாகச் சலித்த மண்புழு உரத்தைக் கண்ணுக்கு மண் தெரியுமளவு மெல்லத் தூவலாம்.

ஹோஸை நேராகப் பிடிக்காதீர்கள். பூவாளி, இல்லாவிட்டால் பனித்துளி போல் விழும் தெளிப்பான். முளைக்கும்வரை மேல் மண் காயவே கூடாது, அதற்காகச் சேறாகவும் கூடாது. வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக. இரவில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும், கடைசித் தண்ணீர் பொழுது சாய்வதற்குள் காய்கிற மாதிரி இருக்கட்டும்.

முன்வாசல்:

விதைத்தாகிவிட்டது, முளையும் வந்துவிட்டது. ஆனால் கேட் பக்கம் கோடு கோடாக அடர்த்தியாக இருக்கிறது, மேட்டுப் பக்கம் மொட்டை. இடையில் ஒரு பெருமழை பெய்தது. இன்னொரு சந்தேகம், ஒரு இடத்தில் எறும்பு சாரையாக விதையைத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

மண்வெட்டி:

கோடு கோடாக இருந்தால் மழை அடித்துக்கொண்டு போனதுதான். எறும்பு எடுத்தால் புற்றைச் சுற்றி வட்டமாக வழுக்கை விழும். மேட்டுப் பக்கத்தில் மேல் மண் பொறுக்குக் கட்டியிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். கட்டியிருந்தால் வாரியால் மெல்லக் கீறி, அந்த இடத்துக்கு மட்டும் விதை தூவி, வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி ஒரு சணல் வலையைப் போட்டுக் குச்சி அடித்து வையுங்கள். சின்னச் சின்ன இடைவெளிகளை விட்டுவிடுங்கள், அருகு ஓடுகொடி விட்டுத் தானே மூடிக்கொள்ளும்.

தண்ணீரை இனிமேல் இடைவெளி கூட்டி, ஒவ்வொரு முறையும் அதிகமாக விடுங்கள், வேர் கீழே தேடிப் போகட்டும். ஐந்தாறு செ.மீ. வளர்ந்ததும் முதல் வெட்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டக் கூடாது, கத்தி மழுங்கலாக இருந்தால் நாற்று வேரோடு வரும். வெட்ட வெட்டத்தான் பக்கவாட்டில் படரும். நாலைந்து வாரத்துக்குப் பிறகு சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா, இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடுங்கள். கோரை தலை காட்டினால் கிழங்கோடு எடுங்கள், அது இந்த வருடத்தோடு முடிகிற வேலை இல்லை.

பனிக்காற்று:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குளிர்காலத்தில் பனி உறையும் இடத்தில் இருக்கிறேன். எனக்கும் இதே கணக்கா?

தூறல்:

மண் வேலை, களை வேலை எல்லாம் அதேதான். புல்லும் காலமும் வேறு. மண்ணின் சூடு 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அருகு விதை சும்மா கிடக்கும். உங்களுக்கு டால் ஃபெஸ்க்யூ, ரை, புளூகிராஸ் போன்ற குளிர்ப் புற்கள். கோடையின் கடைசியில் அல்லது இலையுதிர் காலத் தொடக்கத்தில் விதையுங்கள். மண்ணில் சூடு மிச்சமிருக்கும், களையின் வேகம் தணிந்திருக்கும். ஃபெஸ்க்யூ விதை பெரிது, சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் வேண்டும். ரை ஒரு வாரத்திலேயே எட்டிப் பார்க்கும், புளூகிராஸ் மூன்று நான்கு வாரம்கூட எடுக்கும். கலவை விதை வாங்கினால், ரை முளைத்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள்.