ஷினோபி ஆர்கேட்ல லைஃப் பார் இருந்துச்சா? ஞாபகம் இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

நிழல்_நடை:

எல்லாருக்கும் வணக்கம். சேகாவோட ஷினோபி, 1987ல வந்த ஆர்கேட் கேம் (கடைல காசு போட்டு ஆடற மிஷின்), அத பத்தி ஒரு சந்தேகம். ரொம்ப வருஷம் கழிச்சு போன வாரம்தான் மறுபடி ஆடினேன். மொத மிஷன் ஆரம்பிச்சதுமே கை தானா போகுது, இந்தப் பெட்டிக்குப் பின்னாடி துப்பாக்கிக்காரன் உக்காந்திருப்பான், இங்க ஒரு குழந்தைய கட்டிப்போட்டு வெச்சிருப்பாங்க, இங்க மேல தாவணும்னு எல்லாம் விரலுக்கு ஞாபகம் இருக்கு, நான் யோசிக்கவே இல்ல. சுவத்துல வரிசையா ஒட்டியிருக்கற அந்த போஸ்டரப் பாத்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்.

என் பொண்ணு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தா, சரி ஆடுன்னு கையில குடுத்தேன். நாலு அடி நடந்தா, ஒரு குண்டு பட்டுச்சு, செத்துட்டா. "என்னப்பா இது, லைஃப் பாரே இல்ல, ஒரு அடிக்கே சாவானா, இவன் நிஞ்சாதானே"ன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்ல வரல. ஏன்னா என் ஞாபகத்துல லைஃப் பார் இருந்துச்சு! அதே மாதிரி செத்ததும் காசு போட்டு தொடரறியான்னு கன்டினியூ கேக்கறப்ப நிஞ்சாவ படுக்க வெச்சு கட்டிப்போட்டு மேலருந்து ரம்பம் இறங்கி வர்ற மாதிரியும் ஒரு காட்சி ஞாபகம் இருக்கு, அதையும் இதுல காணோம். நான் வேற எதையாவது போட்டு குழப்பிக்கறேனா? அப்புறம் அவ கேட்ட கேள்விக்கும் யாராவது நல்லதா ஒரு பதில் சொல்லுங்க, எனக்கு அந்த கேம் அவ்வளவு உசுரு, அவளுக்கும் புடிக்கணும்னு ஆசையா இருக்கு.

மூணாவது_பட்டன்:

ரெண்டுமே நிஜமான ஞாபகம்தான் நண்பா, ஆனா ரெண்டும் வேற வேற இடத்துலருந்து வந்தது.

லைஃப் பார் இருந்தது மாஸ்டர் சிஸ்டம்ல. 1988ல வீட்டு கன்சோலுக்கு வந்தப்ப சேகா நிறைய மாத்திட்டாங்க, அதுல அடி தாங்கலாம், குழந்தைங்களக் காப்பாத்தாமயே ஸ்டேஜ முடிச்சுட்டுப் போகலாம். ஆர்கேட்ல அந்தப் பேச்சே கிடையாது, கடைசிக் குழந்தை வரைக்கும் அவுத்து விட்டாதான் ஸ்டேஜ் முடியும், மேல நேரம் வேற இறங்கிக்கிட்டே இருக்கும். நீங்க வீட்லயும் ஆடி வெளியிலயும் ஆடியிருப்பீங்க, ரெண்டும் ஒண்ணா கலந்துடுச்சு.

ரம்பம் வர்றது நிஞ்ஜா கெய்டன், அது டெக்மோவோடது, 1988ல வந்த ஆர்கேட் கேம். அந்த கவுன்ட்டவுன் ஓடறப்ப காசு போடாம இருக்கவே முடியாது, அவ்வளவு பயமா இருக்கும். அதே பேர்ல அதே வருஷம் நின்டென்டோவுக்கு வந்தது முழுக்க வேற கேம், அதையும் பல பேர் இதோட சேத்து குழப்பிக்கறாங்க. அந்த ரெண்டு மூணு வருஷத்துல எங்க பாத்தாலும் நிஞ்சாதான். டைட்டோகாரங்க 1987லயே மூணு ஸ்கிரீன பக்கத்துல பக்கத்துல வெச்சு நிஞ்ஜா வாரியர்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, அத நேர்ல பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

ஜாய்ஸ்டிக்_ரேகை:

உங்க பொண்ணு கேட்டது ரொம்ப சரியான கேள்வி அண்ணே. நானும் சின்ன வயசுல அதையேதான் கேட்டேன், பதில் புரிய எனக்கு பல வருஷம் ஆச்சு.

மொதல்ல ஒண்ணு, ஷினோபில எதிரி மேல சும்மா இடிச்சா பெரும்பாலும் சாவு கிடையாது. நம்ம ஹீரோ ஜோ முசாஷி பின்னாடி தள்ளப்படுவான், அவ்வளவுதான். குண்டோ கத்தியோ பட்டாதான் உயிர் போகும். இது சின்ன விஷயமா தெரியும் ஆனா கேம் முழுக்க இதுலதான் நிக்குது, அதாவது நம்மள கொல்றது எப்பவுமே ஒருத்தன் செய்யற ஒரு காரியம், அவன் கைய ஓங்கறது தெரியும், அவன் குனியறது தெரியும், பாத்துக்கிட்டு இருந்தா தப்பிச்சுடலாம். பாக்காம ஓடினாதான் சாவு. அதுவும் எதிரி எல்லாரும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலதான் நிப்பாங்க. அதனாலதான் உங்க விரல் இன்னும் மறக்கல. லைஃப் பார் இருந்திருந்தா ரெண்டு அடி வாங்கிக்கிட்டே ஓடியிருப்போம், எவன் எங்க நிக்கறான்னு படிச்சிருக்கவே மாட்டோம்.

கேடயம் வெச்சுக்கிட்டு வளைஞ்ச கத்திய வீசறவன் வருவானே, அவன யோசிச்சுப் பாருங்க. ஷுரிகன, அதாவது அந்த எறியற நட்சத்திரத்த, எவ்வளவு வீசினாலும் கேடயத்துல பட்டு வீணாப் போகும். நின்னு, அவன் கத்திய வீசவிட்டு, அந்த கேப்புல அடிக்கணும். பரபரன்னு பட்டன தட்டற பழக்கத்த அவன் ஒருத்தனே மாத்திடுவான். என்னப் பொறுத்தவரைக்கும் இது ஓடற கேமே இல்ல, நிக்கத் தெரிஞ்சவங்களுக்கான கேம்.

அப்புறம் பட்டன். மொத்தமே மூணு, அடிக்க ஒண்ணு, குதிக்க ஒண்ணு, மேஜிக்குக்கு ஒண்ணு. தூரத்துல இருந்தா ஷுரிகன், கிட்டப் போயிட்டா அதே பட்டன் தானா குத்து உதையா மாறும், சில குழந்தைங்கள அவுத்துவிட்டா பலம் கூடி துப்பாக்கியும் வாளும் வரும். ஜாய்ஸ்டிக்க மேல தள்ளிட்டு குதிச்சா மேல் தளம், கீழ தள்ளிட்டு குதிச்சா கீழ் தளம். மாடி விட்டு மாடி தாவறப்ப அந்த எதிரி கணக்கு ஒரு நொடியில மாறிப்போகும், அந்த சுகத்த வேற எந்த கேம்லயும் நான் அனுபவிச்சதில்ல.

மேஜிக் ஒரு ஸ்டேஜுக்கு ஒரே தடவதான். அத தொடாமலே முடிச்சா போனஸ் பாயின்ட் உண்டு, ஷுரிகனே வீசாம கிட்டப் போயே எல்லாரையும் அடிச்சு முடிச்சா இன்னும் பெரிய போனஸ். ஒரு அடி பட்டா சாவுன்னு வெச்சுட்டு, தைரியமிருந்தா கிட்டப் போய் அடின்னும் கூப்பிடறாங்க பாருங்க, அங்கதான் அந்த கேம் எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. உங்க பொண்ணுகிட்ட இதச் சொல்லுங்க, நிஞ்சான்னா அடி தாங்கறவன் இல்ல, அடியே படாதவன்.

இரவுப்பறவை:

மேல சொன்னது எல்லாம் ஒத்துக்கறேன், ஆனா ஒரு இடத்துல மட்டும் எனக்கு இன்னும் ஆறல. அஞ்சு மிஷன், மொத மிஷன்ல மூணு ஸ்டேஜ், மத்ததுல நாலு நாலு. அதுல நாலு மிஷன் வரைக்கும் கன்டினியூ குடுத்துட்டு கடைசி மிஷன்ல மட்டும் கிடையாதுன்னா என்ன நியாயம்? ஹெலிகாப்டர் பாஸ (மிஷன் முடிவுல வர்ற பெரிய எதிரி) தாண்டி, நெருங்கி நெருங்கி வர்ற அந்த சிலை வரிசைய உடைச்சு, கவசம் போட்ட சாமுராய சாய்ச்சு அங்க வந்து நிக்கறோம், கையில இருக்கற உயிர் போனா எல்லாமே மொதல்லருந்து. கடைசி பாஸான முகமூடி நிஞ்சாகிட்ட போய்ச்சேரவே எனக்கு எத்தன மாசமாச்சு தெரியுமா.

ஆனா போனஸ் ஸ்டேஜ் பத்தி யாருமே பேசல, அத விட்டுட்டா எப்படி! பாஸ அடிச்சு முடிச்சதும் காட்சியே மாறும், நம்ம கை மட்டும் கீழ தெரியும், தூரத்துல நிஞ்சாங்க இங்கயும் அங்கயும் ஓடி, தாவித்தாவி நம்மகிட்ட நெருங்குவாங்க, ஒருத்தன் கூட முன்னாடி வந்து சேராம ஷுரிகன வீசிக்கிட்டே இருக்கணும். முழுசா முடிச்சா ஒரு உயிர் கூடும். பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கறவங்க எல்லாரும் அந்த நேரம் மட்டும் ஒண்ணா சேந்து கத்துவாங்க, லெஃப்ட்ல பாரு லெஃப்ட்ல பாருன்னு. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. கேம்ல வர்ற சத்தமும் சாதாரணமா என்ன? யமஹா ஒய்எம்2151ங்கற சவுண்ட் சிப், அந்த கால சேகா மிஷின்ல இசையோட அந்த அடித்தள பேஸ் (bass) லைன் வந்தாலே தனியா தெரியும்.

இதுக்கப்புறம் 1989ல ஆர்கேட்டுக்கு ஷேடோ டான்சர், கூட ஒரு நாய் வரும். அதே வருஷம் சேகாவோட வீட்டு கன்சோல் மெகா டிரைவ்ல ரிவெஞ்ச் ஆஃப் ஷினோபி, யூசோ கோஷிரோ இசை, அதுல லைஃப் பார் உண்டு. இப்ப 2025ல கையால வரைஞ்ச மாதிரி ஆர்ட் ஆஃப் வெஞ்சென்ஸ் கூட வந்துச்சு. எல்லாமே புடிக்கும், ஆனா மனசு போய் நிக்கறது என்னமோ அந்த மொத கேம்லதான்.

நிழல்_நடை:

ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. அப்ப என் தலைக்குள்ள மூணு கேம் ஒண்ணா கலந்து கிடந்திருக்கு.

ஜாய்ஸ்டிக்_ரேகை சொன்னத நேத்து ராத்திரி அப்படியே அவகிட்ட சொன்னேன், அடியே படாதவன்தான் நிஞ்சான்னு. ஒண்ணும் பேசல, கன்ட்ரோலர வாங்கிக்கிட்டா. ஓடறத நிறுத்திட்டா! ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னாடி நின்னு பாத்துட்டுப் போறா. கேடயக்காரன்கிட்ட ஏழெட்டு தடவ செத்தா, அப்புறம் அவளே கண்டுபுடிச்சுட்டா எப்ப அடிக்கணும்னு. மிஷன் 1 பாஸ் வரைக்கும் வந்துட்டா, அந்த கென்-ஓ, நெருப்பா வீசுவானே. அங்க மாட்டிக்கிட்டா. நானே சொல்லிக் குடுத்திருப்பேன் ஆனா எனக்கே அந்த இடம் மட்டும் சுத்தமா மறந்துபோச்சு, விரலும் கை விட்டுடுச்சு. அவன எப்படி அடிப்போம்?

ஜாய்ஸ்டிக்_ரேகை:

உடம்புல எங்க பட்டாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணே, மூஞ்சி மட்டும்தான். குதிச்சு உச்சில இருக்கறப்ப வீசச் சொல்லுங்க, நெருப்பு வர்ற தாளத்த ரெண்டு தடவ பாத்துட்டு அப்புறம் குதிக்கட்டும். மேஜிக்க அவசரப்பட்டு மொதல்லயே போட வேணாம்னு சொல்லுங்க. முடிச்சதும் போனஸ் ஸ்டேஜ் வரும், அப்ப பின்னாடி நின்னு நீங்க கத்தணும்.