தெகிவளை வீட்டுப் பூந்தோட்டம்: தென்மேல் மழைக்கு முன்னம் என்ன செய்யோணும்?

முற்றத்துமல்லி:

எல்லாருக்கும் வணக்கம். இடம் தெகிவளை, கொழும்புக்குப் பக்கத்தில, கடலில இருந்து 400 மீற்றர் வரும். முன்முற்றம் 12க்கு 10 அடி, செம்மண், வீடு கட்டேக்க கொட்டின கல்லு சீமெந்தும் அதுக்குள்ள கிடக்கு. மொட்டைமாடியில 10 அங்குலச் சாடி இருபது. சாமிக்கு வைக்க வருசம் முழுக்க ஏதாவது பூ வேணும், அதுதான் நோக்கம்.

பிரச்சினைகள் இது: நித்தியகல்யாணி ஒவ்வொரு ஆனியிலயும் தண்டு கறுத்துச் சாகுது. போகன்விலா காடு மாதிரி இலை, பூ இல்லை. செவ்வரத்தை மொட்டு விரிய முன்னமே கொட்டுது. மதிலோரம் நிக்கிற எக்சோரா மஞ்சளாப் போகுது. பசளை எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தான் போடுறது, மாதம் ஒருக்கா ஒரு தேக்கரண்டி யூரியா கலந்தது.

வருசப்பிறப்பு முடிஞ்சுது, மழை பெலக்க இன்னும் மூண்டு நாலு கிழமைதான். அதுக்குள்ள எதை முதல் செய்யிறது?

செம்மண்:

முதலில் காலநிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்லும் வசந்தம், இலையுதிர் காலம் எதுவும் கொழும்புக்குப் பொருந்தாது. வெப்பநிலை வருடம் முழுக்க 27, 28 பாகையை ஒட்டியே நிற்கும். மாறுவது மழை மட்டும். வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். அதில் இரண்டு உச்சங்கள், ஒன்று ஏப்ரல் – மே, மற்றது ஒக்டோபர் – நவம்பர். ஜனவரி, பெப்ரவரிதான் உண்மையான வறட்சி. ஜூலை, ஓகஸ்டில் மழை சற்றுத் தணியும், காற்று தணியாது. நடுவது, வெட்டுவது, பசளை போடுவது எல்லாம் இந்த நாலு கட்டத்தைப் பார்த்துத்தான்.

இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை வடிகால். முற்றத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். வற்றியதும் திரும்ப நிரப்புங்கள். இரண்டாம் தடவை நாலு மணித்தியாலத்துக்குப் பிறகும் நீர் நின்றால் அந்த நிலத்தில் எந்தப் பூச்செடியும் மே மாதத்தைத் தாண்டாது. 8 – 10 அங்குலம் உயர்த்திய பாத்தி கட்டுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு போதும். கல்லு சீமெந்துத் துண்டுகளை மேல் ஓரடிக்காவது பொறுக்கி எடுத்துவிடுங்கள். உங்கள் எக்சோராவின் மஞ்சளுக்குக் காரணமே அதுதான்.

எக்சோரா புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கொழும்புச் செம்மண் இயல்பாகவே புளிப்பு, ஆகவே நடு முற்றத்தில் நிற்கும் எக்சோராவுக்கு ஒன்றும் வருவதில்லை. மதிலோரத்தில் மழைநீர் சீமெந்தைக் கழுவிச் சுண்ணாம்பை மண்ணில் இறக்குகிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகும். புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இதுதான். அடியிலுள்ள பழைய இலை முழுதாக மஞ்சளானால் அது நைதரசன் குறைவு, வேறு கதை. செடியை மதிலிலிருந்து மூன்றடி தள்ளி மாற்றுங்கள், மே முதல் மழையோடு மாற்றினால் வேர் பிடிக்கும். மாற்ற முடியாவிட்டால் கீலேற்று இரும்பு (செடி எடுக்கக்கூடிய வடிவில் விற்கும் இரும்புச்சத்து) லீற்றருக்கு ஒரு கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். அது தற்காலிக உதவிதான். டொலமைட் (சுண்ணாம்புக்கல் தூள்) மட்டும் எக்சோராவுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

இனிச் சாடிகள். அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். வடியாது. நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்குள் நீர் இலகுவில் இறங்காது. கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். கல் போடுவதால் அந்த ஈரப்படை வேருக்கு இன்னும் கிட்ட வருகிறது, அவ்வளவுதான். துளையை ஒரு துண்டு நிழல்வலையால் மூடி நேரே கலவையைப் போடுங்கள். மேல்மண் 2 பங்கு, கூட்டெரு 1, பரும் ஆற்று மணல் 1, கருக்கிய உமி 1. தும்புத்தூளைக் கூட்டினால் பெப்ரவரியில் நன்றாக இருக்கும், ஜூனில் சதுப்பாகும். சாடி தரையில் ஒட்டி இருக்கக் கூடாது. இரண்டு செங்கல்லில் ஏற்றி வையுங்கள். அடித்துளை ஐந்தாறு இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சாடிகளில் பாதிக்குத் துளை சரியாகத் திறந்திருப்பதில்லை.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். போகன்விலா காடானதற்கு அதுதான் முதற் குற்றவாளி. மழைக்காலத்தில் நைதரசன் நாலு நாளில் கழுவிப் போகும், போகாத மீதி இலையாக வரும். பூக்கும் செடிக்குப் பொட்டாஷ் கூடிய கலவையை அரைத் தேக்கரண்டி வீதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சாடி ஓரமாக, ஈரமண்ணில். கடும் மழை எதிர்பார்க்கும் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

கடற்காற்று:

செம்மண் சொன்னதோட சேர்த்து ரெண்டு மூண்டு.

கடலுக்கு 400 மீற்றர் எண்டால் உப்புக்காற்றை மறக்காதேங்கோ. தென்மேல் காற்று கடலில இருந்து நேர அடிக்கிறது, மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. மொட்டைமாடியில இலை ஓரம் கருகினால் பூஞ்சணம் எண்டு மருந்தடிக்க வெளிக்கிடாமல் முதல் எந்தப் பக்கத்து இலை கருகுது எண்டு பாருங்கோ. மேற்குப் பக்கம் மட்டும் எண்டால் உப்பு. மழை இல்லாமல் காற்று மட்டும் அடிக்கிற நாளில பின்னேரம் நல்லதண்ணியால இலையைக் கழுவி விட்டாலே போதும். மேற்கு ஓரத்தில போகன்விலா, நித்தியகல்யாணி, அரலியா வையுங்கோ, இது மூண்டும் தாங்கும். மல்லிகையையும் ரோசாவையும் அதுக்குப் பின்னால ஒதுக்கில வையுங்கோ. கிணத்துத்தண்ணி பாவிக்கிறதெண்டால் மாசி பங்குனியில ஒருக்கா வாயில வைச்சுப் பாருங்கோ. கரையோரக் கிணறு அந்த நேரம் கரிக்கும். சாடி ஓரத்தில வெள்ளையாப் படிஞ்சு கிடந்தால் குழாய்த்தண்ணியால அடித்துளையால ஓட ஓட ரெண்டு மூண்டு தரம் கழுவி விடோணும்.

நித்தியகல்யாணி: ஈரமண்ணில நிண்டுகொண்டே வாடி, தண்டு நடுவில கறுத்தால் அது பைற்றொப்தோரா எண்ட, ஈரமண்ணில பரவுற அழுகல் நோய். தண்ணி காணாது எண்டு நினைச்சு இன்னும் ஊத்தினால் கதை முடிஞ்சுது. அந்த நோயின்ர நுண்வித்து மண்ணில கிடக்கும், மழைத்துளி மண்ணைத் தெறிக்க வைச்சுத் தண்டில ஏத்தும். அதால மண்ணுக்கு மேல ஓரங்குலம் சல்லிக்கல் பரவுங்கோ (கல்லு அடியில வேண்டாம், மேலதான்). செடிக்குச் செடி ஓரடி விடுங்கோ. செத்ததைப் பிடுங்கி வெளியில எறியுங்கோ, கூட்டெருக் குழிக்குள்ள போடவேண்டாம். அந்தச் சாடி மண்ணில திரும்ப நித்தியகல்யாணி வைக்காதேங்கோ. தை மாசி வெயிலில மண்ணை நனைச்சு, கண்ணாடிப் பொலித்தீனால இறுக்கி மூடி 4 – 6 கிழமை வெயிலில வைச்சால் பிறகு பாவிக்கலாம். இப்பவே 4 அங்குலத் தண்டு கொஞ்சம் வெட்டி மணலில குத்தி, மழை படாத இடத்தில வையுங்கோ. மூண்டு நாலு கிழமையில வேர் விடும், தாய்ச்செடி போனாலும் கன்று கையில இருக்கும்.

செவ்வரத்தை மொட்டுக்கு: விழுந்த மொட்டை நெடுக்காக் கீறிப் பாருங்கோ. உள்ளுக்கு வெள்ளை மஞ்சளா ஊசிமுனையளவு புழு இருந்தால் மொட்டு ஈ. அந்தப் புழு மொட்டோட விழுந்து மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டி, ஈயாகித் திரும்ப மொட்டில முட்டை இடும். மருந்து உள்ளுக்குப் போகாது. ஒவ்வொரு நாளும் விழுந்ததையும் மஞ்சளாகிற மொட்டையும் பொறுக்கிப் பொலித்தீன் பையில கட்டி வெயிலில போட்டால் ஒரு மாதத்துக்குள்ள குறையும். ஒருநாள் விட்டாலும் சுற்று அறாது. மல்லிகையிலயும் ஓர்க்கிட்டிலயும் இதே ஈ வரும், அதையும் சேர்த்துப் பாருங்கோ. புழு இல்லையெண்டால் தண்ணி ஒழுங்கீனம்: காயவிட்டுக் காயவிட்டு ஊத்தினால் மொட்டு கொட்டும்.

பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக் கிடந்தால் வெண்மூட்டுப்பூச்சி. அதில ஒரு வகை, பப்பாசியில வாறது, 2008இல இலங்கைக்குள்ள கண்டது. செவ்வரத்தை, அரலியா எல்லாத்திலயும் ஏறும். அதைத் தின்னிற ஒட்டுண்ணிக் குளவியைப் பிறகு கொண்டுவந்து விட்டவை. கடும் பூச்சிமருந்து அடிச்சால் குளவிதான் முதல் சாகும். ஒரு லீற்றர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவுற திரவ சவர்க்காரம் 2 மில்லிலீற்றர், பின்னேரம், இலைக்குக் கீழ்ப்பக்கம். கிழமைக்கு ஒருக்கா, மூண்டு தரம். அடிச்சு ஆறு மணித்தியாலத்துக்குள்ள மழை வந்தால் அடிச்சது வீண். எறும்பையும் மறியுங்கோ, அதுதான் பூச்சியைக் கிளைக்குக் கிளை காவுறது.

முற்றத்துமல்லி:

மிச்சம் நன்றி ரெண்டு பேருக்கும். மொட்டைக் கீறிப் பார்த்தேன், புழுதான். இன்னும் மூண்டு கேள்வி: போகன்விலாவை இப்ப வெட்டலாமோ? மல்லிகையை எப்ப வெட்டுறது? சாடிக்குக் கீழ தட்டு வைச்சிருக்கு, சீமெந்து கறைபடாமல் இருக்க, அதை வைச்சிருக்கலாமோ?

பொச்சுமட்டை:

தட்டை இண்டைக்கே எடுங்கோ. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்க ஏழு பத்து நாள் காணும். முட்டை தட்டின் ஓரத்தில ஒட்டிக்கொண்டு, தண்ணி காய்ஞ்சாலும் மாசக்கணக்கில உயிரோட கிடக்கும். ஊத்திக் கவிழ்த்தால் மட்டும் போகாது, தும்பால தேய்ச்சுக் கழுவோணும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதல் பார்க்கிறதும் அதைத்தான். புரோமிலியாட் மாதிரி இலைக்கவட்டில தண்ணி தேக்கிற செடி இருந்தால் கிழமைக்கு ஒருக்கா குழாயால அடிச்சு வெளியேத்துங்கோ, இல்லாட்டி அந்தச் செடியே வேண்டாம். சீமெந்துக் கறைக்குச் செங்கல் உயரமே போதும்.

போகன்விலா: இப்ப வெட்டாதேங்கோ. அது புதுக்கிளையில, வறட்சியில, வேர் நெருக்கத்தில பூக்கிற செடி. மழைக்குள்ள வெட்டினால் இன்னும் இலைதான். ஆனி வரை விட்டுவிட்டு, ஜூலை நடுவில நீளமாப் போன சாட்டைகளை மட்டும் நுனி கிள்ளுங்கோ, ஓகஸ்டில கொஞ்சம் பூக்கும். பெரிய வெட்டு நவம்பர் கடைசியில, கிளையை மூண்டில ஒண்டு குறைச்சு. மார்கழி கடைசியில இருந்து இலை லேசாச் சோர்ந்த பிறகுதான் தண்ணி. தை கடைசி தொடங்கிப் பங்குனி வரை நிறம் நிக்கும். ஆறு மணித்தியாலம் நேர வெயில் இல்லாத இடத்தில வைச்சால் இதெல்லாம் செய்தும் பலனில்லை. பெரிய சாடிக்கு மாத்துறதும் தேவையில்லை.

மல்லிகையைத் தைப்பொங்கல் கழிய வெட்டுங்கோ: நிலத்தில இருந்து ஒன்றரை அடி விட்டு, காய்ஞ்சதும் உள்நோக்கிப் போறதும் முழுக்க எடுத்து, மிச்ச இலையையும் உருவி விடுங்கோ. ரெண்டு கிழமை தண்ணியைக் குறைச்சு, பிறகு மக்கின மாட்டெரு ரெண்டு கைப்பிடியும் எலும்புத்தூள் ஒரு மேசைக்கரண்டியும் போட்டுத் தண்ணி விட்டால் பங்குனி சித்திரையில மொட்டு. இந்த வருசம் அது முடிஞ்சுது. இப்ப பூத்து ஓய்ஞ்ச கிளையில ரெண்டு கணு மட்டும் வெட்டி விடுங்கோ.

மழைக்குள்ள சாமிக்குப் பூ வேணுமெண்டால் நந்தியாவட்டையும் எக்சோராவும்தான் கைவிடாது. ரெண்டும் நிலத்தில. நிழல் ஒதுக்கு இருந்தால் அந்தூரியம், பொச்சுத்துண்டும் கரியும் கலந்து. டென்ட்ரோபியம் ஓர்க்கிட் வைக்கிறதெண்டால் மழைக்காலத்தில பொச்சு வேண்டாம், அழுகும். ஓட்டுத்துண்டும் கரியும் மட்டும், கூரைவிளிம்புக்கு உள்ளுக்கு. அல்பேட் கரைசல் (தண்ணியில கரைச்சு விடுற பசளை) லீற்றருக்கு ஒரு கிராம், கிழமைக்கு ஒருக்கா காலமை.

செம்மண்:

போகன்விலா விஷயத்தில் உடன்பாடு. ஒன்று மட்டும்: நவம்பர் கடைசி என்பதைத் தேதியாக எடுக்காதீர்கள். சில வருடங்களில் மழை மார்கழி நடுப்பகுதி வரை இழுக்கும். தொடர்ந்து நாலைந்து நாள் மதியம் காய்ந்திருந்தால் வெட்டலாம்.

பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் மேரிகோல்ட், சீனியா விதையை ஒக்டோபர் கடைசிக் கிழமையில் கூரைக்குக் கீழே தட்டில் போடுங்கள். நாலு உண்மை இலை (முதலில் வரும் வித்திலைகளுக்குப் பிறகு வருபவை) வந்ததும் சாடிக்கு மாற்றி, மழைத்துளி நேரே விழாத இடத்தில் வைத்திருங்கள். இரண்டும் 50, 60 நாளில் பூக்கும். மேரிகோல்ட்டை ஆறு அங்குலத்தில் நுனி கிள்ளினால் கிளைக்கும், ஆனால் பூ ஒரு கிழமை பிந்தும். அதையும் கணக்கில் வையுங்கள். ரோசாவைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை, நல்லதுதான். மலைநாட்டில் வளர்த்த கன்றை பூவோடு பார்த்து வாங்கினால் கொழும்பு மழையில் கரும்புள்ளி வந்து இலை முழுதும் கொட்டும். வைத்தே தீர வேண்டும் என்றால் மழை படாத, காலை வெயில் விழும் மூலை. தண்ணீர் இலையில் படாமல் அடியில். கொட்டிய இலையை அன்றன்றே எடுக்க வேண்டும்.

கடற்காற்று:

நத்தையை விட்டிட்டம். மழை தொடங்கி ரெண்டாம் கிழமையே ஆபிரிக்க நத்தை பாத்திக்கு வரும், ஒரே இரவில கன்றை அடியோட திண்டுபோடும். பின்னேரம் ஈரச்சாக்கை விரிச்சு அதுக்குக் கீழ பப்பாசித் தோல் வையுங்கோ, காலமை சாக்கைப் புரட்டி எல்லாத்தையும் பொறுக்கலாம். கையுறை போட்டுத்தான், அது ஒட்டுண்ணிப் புழு காவுறது. உப்புத்தண்ணி வாளிக்குள்ள போட்டுப் பிறகு புதையுங்கோ. பாத்தியில உப்புத் தூவவேண்டாம், நத்தைக்கு முதல் செடி போகும். நாய் பூனை இருக்கிற வீடெண்டால் கடையில விக்கிற நத்தைக் குறுணியும் வேண்டாம்.

வேற நோய் ஏதும் கண்டால் இலையைப் பையில போட்டுக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டலாம், இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கோ.

முற்றத்துமல்லி:

சரி. தட்டு எல்லாம் எடுத்தாச்சு. இந்தக் கிழமை குழி வெட்டித் தண்ணி ஊத்திப் பார்த்திட்டு எத்தினை மணித்தியாலம் நிக்குது எண்டு எழுதுறன். பாத்தி கட்டச் செங்கல்லோ, சீமெந்துக் கல்லோ நல்லது?

செம்மண்:

செங்கல். சாந்து பூசாமல் அடுக்குங்கள், இடைவெளியால் நீர் வெளியேறும். சீமெந்துக் கல் வைத்தால் எக்சோராவை அந்த ஓரத்தில் நடாதீர்கள்.