காப்பிரைட் வம்புல மாட்டின கதை இருந்தா சொல்லுங்க

பாளை ஜெராக்ஸ்:
ஆறு வருசம் முன்னாடி, பாளையங்கோட்டையில கடை வச்சிருந்தப்போ. குரூப் 4 சீசன். ஒரு கைடை முழுசா ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் அடிச்சு அடுக்கியிருந்தோம். வேகாத வெயில்ல ஒரு பெரியவர் வந்து ஒண்ணு எடுத்தாரு. 140 ரூபாயை எண்ணிக் குடுத்துட்டு, "தம்பி, பில்லு போடுங்க"ன்னாரு. புத்தகப் பேரையும் எழுதச் சொன்னாரு. எழுதினேன், கிறுக்குப்பய! பில்லை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வச்சுட்டு, பின்னட்டையைத் திருப்பிக் காட்டுனாரு. கருப்படிச்சுப் போய் மசமசன்னு ஒரு மூஞ்சி. "நாந்தாம்லா இது"ன்னாரு. கையெல்லாம் நடுங்கிப் போச்சு. கேஸ் போடல. காப்பிரைட் சட்டம் 63-வது பிரிவுல ஆறு மாசத்துல இருந்து மூணு வருசம் ஜெயிலு, 50,000 முதல் 2 லட்சம் அபராதம்னு அப்புறந்தான் வக்கீல் அண்ணாச்சி சொன்னாவ. அந்த பில்லை இன்னும் வச்சிருப்பாரோன்னு நெனப்பு வருது.

மேலப்பாளையத்தான்:
சும்மா பயந்துட்டீரு வே. தில்லி ஹைகோர்ட்டு 2016-லயே படிக்கிற பிள்ளையளுக்கு ஜெராக்ஸ் போடலாம்னு சொல்லிட்டே.

தேரடி கேமரா:
மேலப்பாளையத்தாரே, அதை முழுசா வாசிச்சீரா? பாடத்திட்டத்துக்காகப் பல புத்தகத்துல இருந்து கொஞ்சக் கொஞ்சப் பக்கம் எடுத்துக் கட்டினது அந்தக் கேஸ். முழு கைடை அடுக்கி விக்கிறவனுக்கு அது ஆகாது.

என் கதை சின்னதுதான். ஆனித் தேரோட்டத்துல மச்சுல நின்னு எடுத்த படம், மறுவருசம் டவுண்ல ஒரு கடை ஃப்ளெக்ஸ்ல தொங்குச்சு. மூலையில என் பேரு இருந்த இடத்துல அல்வா டப்பா படத்தை ஒட்டியிருந்தான்!

படம் எடுக்கிறவங்க கேட்டுக்கிடுங்க. பதிவு பண்ணலன்னாலும் உரிமை உண்டு, எடுத்த அன்னைக்கே வந்துரும். ஆனா கேமராவுல வந்த ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க, நம்ம படம்னு காட்ட அதுதான் சாட்சி. கேக்க வேண்டியதையும் எழுத்துல கேளுங்க, போன்ல சண்டை போட்டா ஒண்ணும் நிக்காது. இன்னொண்ணு, கல்யாணப் படம். துட்டு வாங்கிட்டு எடுத்தா, வேற ஒப்பந்தம் எழுதலன்னா, உரிமை துட்டு குடுத்த வீட்டுக்காரருக்குத்தான். 17-வது பிரிவு. நம்ம ஆளுகள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
அப்படியா? மூணு வருசமா ஒரு ஜோடிப் படத்தைப் பெருசு பண்ணி வாசல்ல மாட்டியிருக்கேன். யாரையும் கேக்கல. போன மாசம் பொண்ணுக்கு மாமா வந்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போனாரு. இதுக்குத்தானா?

பாளை ஜெராக்ஸ்:
பில்லு கேட்டாரா?