காது மெஷின், சிவப்புப் பட்டை போட்ட தடி, ஒரு பாஸ்போர்ட்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சென்னையிலிருந்து, திரியைத் தொடங்குபவர்:

எனக்கு வயது 43. காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் பரம்பரை நோய், அஷர் சின்ட்ரோம், டைப் 2. பிறவியிலேயே காது மந்தம், மூன்றாம் வகுப்பிலிருந்து மெஷின். கண் விஷயம் பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் தியேட்டர் இருட்டுக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கான செல்கள் முதலில் சாகும், அப்புறம் இருட்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகரும். இதற்குக் கீரை என்ன செய்யும், பாவம். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். இரண்டு பேரிடமும் ஒரே மரபணுக் கோளாறு ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கு விழுந்தது. தங்கைக்கு விழவில்லை.

இப்போது பார்வைப் புலம் 6 டிகிரி. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்னுடையது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 10 டிகிரிக்குக் கீழே போனாலே பார்வையற்றவர்தான். ஆனால் அந்தத் துளைக்குள் பேப்பர் எழுத்தைப் படித்துவிடுவேன். ரயிலில் தடியை மடித்து வைத்துவிட்டு போனைப் படித்தால் எதிர் சீட்டுக்காரர் தங்கையைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். என்ன என்று அவள் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும்.

"கண்ணு இருக்கும்போதே எல்லாத்தையும் பார்த்துடும்மா." சொந்தக்காரர்கள், டாக்டர், ஆபீஸ் மேனேஜர், எல்லாரும் சொன்னது இதுதான். நானும் நம்பினேன். வங்கியில் பணம் போடுவதுபோல் காட்சிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு எங்கே உடைந்தது என்று சொல்லத்தான் இந்தத் திரி.

இத்தாலியில், ஃபிளாரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை. 5 மீட்டருக்கு மேல் உயரம். 6 டிகிரியில் அது எப்படித் தெரியும்? ஓடும் பஸ்ஸின் ஜன்னல் கம்பி இடுக்கில் சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல. ஒரு முட்டி. ஒரு கை நரம்பு. கொஞ்சம் தொப்புள். முழுசாகச் சேர்க்கப் பார்க்கும்போது முன்னால் பார்த்தது நழுவிவிடும். கூட்டம் வேறு இடித்துக்கொண்டே இருந்தது, மெஷினில் கூடத்தின் இரைச்சல் மொத்தமும் ஒரே குழம்பாக. வெளியே வந்து தங்கையிடம் "பார்த்துட்டேன்" என்றேன். பொய்.

இரண்டு நாள் கழித்து அங்கோனா போனோம். ஏட்ரியாட்டிக் கடலோரத் துறைமுக ஊர். சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் கப்பல் ஏறத்தான் அங்கே வருவார்கள். நாங்கள் போனது ஓமேரோ அருங்காட்சியகத்துக்கு. ஆல்டோ கிராசினி, டானியேலா போத்தெகோனி என்று ஒரு தம்பதி. இருவருக்கும் பார்வை கிடையாது, ஊர் சுற்றுவதில் பைத்தியம். போன நாட்டு அருங்காட்சியகத்திலெல்லாம் "தொடாதே" என்று கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், தொடுவதற்கென்றே ஒன்று வேண்டும் என்று கிளம்பினார்கள். 1993-இல் திறந்தது, 1999-இல் அரசு அருங்காட்சியகம் ஆனது. நம் கோயிலில் துவாரபாலகர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. அங்கே பெரிய விஷயம்.

அங்கே அதே டேவிட்டின் தலை மட்டும், அசல் அளவில் நகல். கையைப் போட்டேன். முடிச்சுருள் ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்கு நிறைவாக. நெற்றி சுருங்கியிருக்கிறது, கோபமா பயமா தெரியவில்லை. அப்புறம் கண். பாவையை வழவழப்பாக விடாமல் குடைந்திருக்கிறார் அந்த மனிதர். என் கட்டைவிரல் நுனி உள்ளே போய் உட்கார்ந்தது. கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் குழி நிழலாகி, பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்பதுபோலத் தெரியுமாம், தங்கை சொன்னாள். ஃபிளாரன்ஸில் நான் பார்த்தேன் என்று சொன்ன சிலையில் இதை நான் பார்க்கவே இல்லை.

இதனால் கண் போனால் பரவாயில்லை என்று சொல்லவரவில்லை. போகிறது, வலிக்கிறது, அன்று ராத்திரி அறையில் அழுதேன். ஆனால் அதற்கப்புறம் "கடைசியாகப் பார்த்துவிட வேண்டியவை" பட்டியலைக் கிழித்துப்போட்டேன். எந்த ஊரில் கையை வைக்க விடுகிறார்கள், எந்த ஊரில் கால் தெரிந்துகொள்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

அப்படித்தான் ஒகயாமா. ஜப்பானில் கியோத்தோவையும் டோக்கியோவையும் விட்டுவிட்டு அங்கே எதற்கு என்று ஏஜென்ட் கேட்டார். மெட்ரோவில் மஞ்சள் டைல்ஸ் பார்த்திருப்பீர்களே, கோடு போட்டது நட, புள்ளி போட்டது நில். விடுதி நடத்திக்கொண்டிருந்த மியாகே செய்யிச்சி என்பவர் யோசித்தது. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமாவில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலைச் சந்திப்பில்தான் உலகத்திலேயே முதலில் பதித்தார்கள். 230 கல். அந்த முனையில் போய் நின்றேன். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு ரோடு, ஒரு சிக்னல். செருப்பைக் கழற்றிவிட்டுப் புள்ளிமேல் நின்றேன். நம்மூரில் இதே டைல்ஸ் நேராகக் கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்டவிடும். அங்கே கடைசிவரை என்னை அது ஏமாற்றவில்லை.

பேச்சு எப்படி என்று கேட்பீர்கள். மெஷின் போட்டு, அமைதியான இடத்தில், முகத்துக்கு நேராக ஒருவர் பேசினால் புரியும். ஸ்டேஷனில் புரியாது. அங்கே தங்கை என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். தமிழில் எழுதிப் பாருங்கள், தெரியும் கஷ்டம். ண, ன சுழி எண்ணிக்கை தோலில் பிடிபடாது. 'இ' எழுதி முடிப்பதற்குள் இடதுபக்கத் திருப்பம் தாண்டிவிடும். அதனால் இடதுக்கு 'ட', வலதுக்கு 'வ'. 'ப' போட்டு மேலே ஒரு இழுப்பு இழுத்தால் ஏறும் படி, கீழே இழுத்தால் இறங்கும் படி. யாரோ வருகிறார் என்பதற்கு 'ய'. 'ப'வும் 'ய'வும் குழம்பி ஒருமுறை நான் யாரையோ தேடிக்கொண்டிருந்தேன், கீழே படி.

ஒரு கெட்ட அனுபவமும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில், ஊர் பேர் வேண்டாம், ஓட்டலில் தனியறை எடுத்தேன். எனக்குக் காது கேட்காது, ராத்திரி கண்ணும் தெரியாது, தீ அலாரம் அடித்தால் ஆள் வந்து தொட்டு எழுப்புங்கள் என்று கவுன்டரில் எழுதியே கொடுத்தேன். சிரித்துத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கை சொல்கிறாள், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம், எல்லாரையும் தெருவில் நிறுத்தினார்கள், என் அறைக்கு அவளை ஏறவே விடவில்லை, "ஊழியர் பார்த்துக்கொள்வார்" என்றார்களாம். யாரும் வரவில்லை. தீ இல்லை, அடுப்படிப் புகைதான். நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதிலிருந்து தனியறை இல்லை. முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டால் "ஆபத்து, எதுவும் கேட்காதே, கூட வா" என்று அர்த்தம். பல நாட்டு காதுகேளா-பார்வையற்றவர்களுக்குத் தெரிந்த குறி இது. வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. வெள்ளைத் தடியில் சிவப்புப் பட்டை இருந்தால், பல நாடுகளில் காதும் கேட்காது என்று பொருள். இங்கே என்னிடம் "மலையேறப் போறீங்களா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

லண்டனில் கிடைத்ததுதான் எனக்குப் பிடித்தது. சாலை கடக்கும் இடத்தில் பட்டன் பெட்டி இருக்குமே, அதன் அடியில் கையை விட்டால் சின்னக் கூம்பு ஒன்று தட்டுப்படும். பச்சை விழுந்ததும் அது சுற்றும். பம்பரம் மாதிரி விரலுக்கடியில். கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம்.

உங்களுடையதை எழுதுங்கள்.

மும்பையிலிருந்து:

எனக்குக் காது சுத்தமாகக் கிடையாது, கண்ணில் நிழல் மட்டும். போனோடு பிரெய்ல் டிஸ்ப்ளே ஒன்றை இணைத்துக்கொள்வேன். எதிரில் இருப்பவர் போனில் தட்டினால் என் விரலுக்கடியில் புள்ளியாக எழும். ஒரு விமான நிறுவனம் (பெயர் வேண்டாம்) கேட்டில் நிறுத்தியது: துணை இல்லாமல் ஏற்றமாட்டோம். ஏன் என்று நான் கேட்டதை அவர்கள் படித்தார்கள். பதிலை என்னிடம் சொல்லாமல் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்கள்! அமெரிக்க விதியில்கூட, பாதுகாப்பு விளக்கத்தைப் புரியவைக்க எந்த வழியுமே இல்லை என்றால்தான் துணை கேட்கலாம். வழி என் கையில் இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு பணிப்பெண் வந்து தட்டினார்: "சீட் பெல்ட் தெரியுமா?" தெரியும் என்றேன். "அப்போ வாங்க." அவ்வளவுதான் விஷயம்.

கோவையிலிருந்து:

தப்பாக நினைக்கவேண்டாம். பார்க்கவும் முடியாமல், கேட்கவும் முடியாமல், அவ்வளவு செலவு செய்து போய் என்ன கிடைக்கிறது? உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சென்னை, திரியைத் தொடங்கியவர்:

தப்பில்லை, என் பெரியப்பாவும் கேட்டார். ஹெலன் கெல்லரையும் கேட்டிருக்கிறார்கள். 1893-இல் நயாகராவுக்குப் போனவர் அவர். 1946 முதல் 1957 வரை 35 நாடுகள் சுற்றினார். நயாகராவில் என்ன கிடைக்கும் என்றால், தரை நடுங்குவது காலில், காற்று அதிர்வது மார்பில், சாரல் முகத்தில். உங்களுக்கும் அது கிடைத்திருக்கும், போட்டோ எடுக்கும் அவசரத்தில் கவனித்திருக்கமாட்டீர்கள். தூரம் போகவேண்டாம். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் ஒருவரைத் தட்டச் சொல்லி நீங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

சரி, செலவு? என் சம்பளம், என் செலவு.

சென்னையிலிருந்து, இன்னொருவர்:

நான்தான் அந்தத் தங்கை. அக்கா எழுதியதில் ஒரு திருத்தம். டேவிட் முன்னால் "பார்த்துட்டேன்" என்றபோதே எனக்குத் தெரியும். அவள் பொய் சொன்னால் மெஷினைத் தொடுவாள்.

துணைக்குப் போகிறவர்கள் படும் பாட்டையும் யாராவது எழுதவேண்டும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், பத்து நாளில் அந்தக் கை என்னுடையது இல்லை. நானும் ஊர் பார்க்கத்தானே வந்தேன்? ஒரு கண் படிக்கட்டில், ஒரு கண் அவள் தலைக்குமேல் கிளையில். இத்தாலியில், பொலோனியாவில் சண்டை போட்டு இரண்டு மணிநேரம் பேசவில்லை. பேசவில்லை என்றால் கையில் எழுதவில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய இருட்டு என்று அப்போது தோன்றவில்லை. கடைசியில் "ஜிலாட்டோ" என்று எழுதினேன், அந்த ஊர் ஐஸ்கிரீம். அதற்கு மட்டும் எழுத்து குழம்பவே இல்லை.

ஈரோட்டிலிருந்து:

மகளுக்கு ஒன்பது வயது. அஷர் டைப் 1. ஒன்றரை வயதுவரை நடக்கவில்லை, சமநிலை இல்லை. காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் கருவி) வைத்தோம், நன்றாகப் பேசுகிறாள். போன மாதம்தான் கண்ணையும் சொன்னார்கள். மாமனார் உடனே தாஜ்மஹாலுக்கு டிக்கெட் போடு என்கிறார். பிள்ளைக்கு இன்னும் எதையும் சொல்லவில்லை. என்ன செய்வது?

சென்னை, திரியைத் தொடங்கியவர்:

தம்பி, தாஜ்மஹாலுக்குப் போங்கள். போவது நல்லது, ஆனால் அது துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி இருக்கவேண்டாம். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும். நான் கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் போங்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கொஞ்சநேரம் அவளுக்கு எதுவும் தெரியாது, வாசலில் ஓரமாக நில்லுங்கள். டைப் 1 என்றால் இருட்டில் கண்ணும் உதவாது, சமநிலையும் உதவாது, கையை விடாதீர்கள். பளிங்கில் பதித்த கல்பூக்களைத் தொட விடுகிற இடத்தில் தொடட்டும். இம்பிளான்ட்டுக்கு மாற்று பேட்டரி உங்கள் பையிலும் ஒன்று, அவள் பையிலும் ஒன்று.

தடியை இப்போதே பழக்குங்கள், கண் இருக்கும்போதே. நான் 31 வயதில் எடுத்தேன், அதற்குள் இரண்டு பல் போயிருந்தது. உறவுக்காரர்கள் "அதுக்குள்ளயா" என்பார்கள். அவர்கள் பல் போகவில்லை.

சிட்னியிலிருந்து:

இங்கே பட்டன் பெட்டியே அதிரும். பட்டனுக்கு மேல் அம்புக்குறி போட்ட தகடு, அதில் உள்ளங்கையை வைத்தால் துடிப்பு. கூம்பெல்லாம் இல்லை.

லெஸ்டரிலிருந்து:

அக்கா, நான் 19 வருசமா இங்க இங்கிலாந்தில இருக்கிறன். யாழ்ப்பாணத்திலயிருந்து வந்த நாள் தொடக்கம் ஒவ்வொரு நாளும் ரோட்டுக் கடக்கிறன். நீங்கள் சொல்லுற மாதிரி ஒரு கூம்பை நான் ஒருநாளும் காணேல்லை. லண்டனில மட்டுமோ?

சென்னை, திரியைத் தொடங்கியவர்:

தம்பி, பார்க்க முடியாது. அடியில் இருக்கும். கையை விட்டுப் பாருங்கள்.

லெஸ்டரிலிருந்து:

இண்டைக்கு வேலையால வரேக்க மழை. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற கிறாஸிங்கில நிண்டு பெட்டிக்குக் கீழ கையை விட்டன். மகள் "அப்பா, என்ன செய்யிறியள், எல்லாரும் பாக்கினம்" எண்டு வெக்கப்பட்டவள். சின்னனா ஒரு சாமான் தட்டுப்பட்டது. பச்சை விழுந்தோண்ண சுத்தத் துடங்கிச்சு. நான் பயந்து கையை எடுத்திட்டன். பிறகு மகள் கையை விட்டுப் பாத்தவள். மூண்டு பச்சை போயிட்டுது, நாங்கள் இன்னும் கடக்கேல்லை.