புதுப்பிப்பு: லிப்ட் இல்லாத டவுன்ஹவுஸுக்கு விதியே இல்லையா?

அமெரிக்காவில் நாங்கள் வரையும் 6 வீட்டு டவுன்ஹவுஸ் வரிசைக்கு (சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகள்) லிப்ட் இல்லை, அதனால் அணுகல் விதி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் புழங்கும்படி கட்டும் விதி, பொருந்தாது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பாதிதான் சரி. அந்த விதி வருவது அங்குள்ள ஃபேர் ஹவுசிங் சட்டத்திலிருந்து (வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்); 4 வீடுகளுக்குக் குறையாத புதுக் கட்டடங்களுக்கு அது பொருந்தும். லிப்ட் இல்லாத மாடி வீடுகளுக்கு விலக்கு உண்டு. வீட்டுக்குள்ளேயே லிப்ட் வைத்தால் அந்த வீட்டுக்கு விலக்கு போச்சு. கடைசி வீட்டுக்காரர் கேட்பது அந்த லிப்டைத்தான்!

அப்புறம், வரிசையில் தரைத்தளத்தோடு முடியும் வீடு ஒன்று இருக்கிறது. மாடி இல்லாததால் விலக்கு கிடையாது, அதுவும் விதிக்குள் வருகிறது. குளியலறைக் கதவை 90 டிகிரி திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலைச் சட்டம் வரை சுமார் 32 அங்குலம் வழி வேண்டும். நாங்கள் வரைந்திருந்தது 30 அங்குலக் கதவு. 34 ஆக்கியாயிற்று, பக்கத்து அலமாரிதான் பலி.