வக்கீல் ஃபீஸ்: உங்களுக்கு எப்படிப் போட்டார்கள்?

தூக்கணாங்குருவி:
அப்பா போன பிறகு சொத்துப் பாகப்பிரிவினையில் எனக்கும் அண்ணனுக்கும் வழக்கு வரை போய்விட்டது. வக்கீல் "எனக்கு மணிக்கணக்கில் ஃபீஸ்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முதல் பில்லைப் பார்த்ததும் கை நடுங்கியது. அவரோடு நான் உட்கார்ந்து பேசியது ஒன்றரை மணி நேரம். பில்லில் நாலரை மணி.

நேரே போய்க் கேட்டேன். பொறுமையாக வரிவரியாகக் காட்டினார். ஒரு மணியைப் பத்துக் கூறாக்கி, ஆறு நிமிடத்தை ஒரு அலகாக வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் போனில் பேசினாலும் ஆறு நிமிடக் கணக்குதான். அண்ணன் மேல் ஆத்திரம் வந்த ஒரு ராத்திரி அடுத்தடுத்து ஐந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அலகு. அதுவே அரை மணி. பழைய பத்திரங்களை ஜூனியர் படித்த நேரம் குறைந்த விகிதத்தில் தனியாக இருந்தது.

அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இப்போது தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒரே மின்னஞ்சலாக அனுப்புகிறேன். அடுத்த பில் பாதிக்குக் கீழே இறங்கியது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எந்த வகை ஃபீஸாக இருந்தாலும் சரி.

மைனா:
எங்களுக்கு மொத்தமாக ஒரே தொகை. அதனால் நிம்மதியாக இருந்தோம். எங்கள் பக்கம் தீர்ப்பும் வந்தது. எதிர்த்தரப்பு அப்பீல் போனதும் வக்கீல் புதிதாக ஒரு தொகை சொன்னார். "எல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்?" என்றேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்: இந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு வரும் வரை. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட வரி அது. நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம்கூட அந்தத் தொகைக்கு வெளியேதான் இருந்தன.

உயில் எழுதுவது, பத்திரம் தயாரிப்பது மாதிரி முடிவு தெரிந்த வேலைக்கு மொத்தத் தொகை நல்லது என்பேன். வழக்கு என்றால் எது வரைக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மரங்கொத்தி:
அமெரிக்காவில் இருக்கும் என் தங்கைக்கு நடந்தது. கார் மோதிய வழக்கு. "ஜெயித்தால் மட்டும் சதவீதம், தோற்றால் எனக்கு ஃபீஸ் வேண்டாம்" என்றார் அங்கிருந்த வக்கீல். கையில் காசில்லாத நேரத்தில் அது அவளுக்குப் பெரிய ஆறுதல். இல்லையென்றால் வழக்கே போட்டிருக்க மாட்டாள்.

நான் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று: செலவைக் கழிப்பதற்கு முன்னால் சதவீதமா, பின்னாலா? நஷ்டஈடு 100 என்று வையுங்கள். செலவு 10, வக்கீலுக்கு 30 சதவீதம். முன்னால் என்றால் 30 அவருக்கு, 10 செலவுக்கு, மீதி 60. பின்னால் என்றால் 90-இல் 30 சதவீதம், அதாவது 27, கையில் 63. தோற்றால் அந்த 10 யார் தலையில் என்பதையும் கேட்க வேண்டும். ஃபீஸ் கிடையாது என்றால் செலவும் கிடையாது என்று அர்த்தமில்லை.

மைனா:
இதே மாதிரி இங்கே பேச முடியுமா அண்ணா?

மரங்கொத்தி:
இந்தியாவில் முடியாதும்மா. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக்கூடாது, கிடைக்கிற பணத்தில் பங்கும் கேட்கக்கூடாது என்று வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியே இருக்கிறது. அமெரிக்காவிலும் விவாகரத்து, கிரிமினல் வழக்குகளுக்கு இந்த முறை கிடையாது.

பழையகட்டு:
வக்கீல் ஆபீஸில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். அட்வான்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. கட்சிக்காரர்கள் அதிகம் மனம் நொந்து போய் நான் பார்த்தது அதில்தான். ஒரு வகை, நீங்கள் கொடுத்த பணத்திலிருந்து வேலை ஆக ஆகக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்புவது. இன்னொரு வகை, "உங்களுக்காக நான் இருக்கிறேன்" என்பதற்கே வாங்குவது, அது திரும்பாது. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள். வழக்கு பாதியில் சமரசமானால் அப்போதுதான் வித்தியாசம் தெரியும். எந்த வகை என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரிடம், வழக்கு கூப்பிடாமலே தள்ளிப்போன நாளுக்கும் உண்டா என்று கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல வக்கீலும் கோபிக்க மாட்டார்.

தூக்கணாங்குருவி:
ஐயா, இதைப் படித்துவிட்டு என் ரசீதை எடுத்துப் பார்த்தேன். "அட்வான்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. அண்ணன் நேற்றுத்தான் சமரசம் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை வக்கீலிடம் போகிறேன், ரசீதையும் எடுத்துக்கொண்டு.