புதுப்பிப்பு: தூற்றும் மெஷினில் நெல் பறந்த விவகாரம்

போன வாரம் புலம்பியிருந்தேனே, பழசாக வாங்கிய தூற்றும் மெஷினில் சீரகச் சம்பா நெல்லைக் கொட்டினால் உள்ளே அரிசியில்லாத பதரோடு நல்ல மணியும் பறக்குது என்று. "சல்லடையை மாத்துங்க" என்றீர்கள். மாற்றினேன். கீழ்ச் சல்லடையில் மண்ணும் புல் விதையும் ஒழுங்காக இறங்கின, பறப்பது மட்டும் நிற்கவில்லை.

கோளாறு பெல்ட் ஓடும் சக்கரத்தில், அதாவது புல்லியில். விற்றவர் மோட்டாரில் 3 அங்குலப் புல்லிக்குப் பதிலாக 4 அங்குலம் மாட்டியிருக்கிறார். ஃபேன் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. காற்றின் தள்ளுவிசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு! குண்டு நெல் தாங்கும், சீரகம் அளவு மணி என்ன செய்யும் பாவம்.

பழைய அளவுப் புல்லியை மாட்டி, ஃபேன் பக்கத்துத் தகட்டைப் பாதி மூடினேன். பதர் விழும் இடத்தில் சாக்கை விரித்து, ஒரு கைப்பிடி அள்ளி நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். மற்றதெல்லாம் அமுங்கியது, அதாவது வெறும் பதர்; கெட்டியாக நின்ற நல்ல மணி இரண்டே. நெல்லைக் கொட்டும் வாயை அகலமாகத் திறந்தால் மட்டும் பதர் கொஞ்சம் நெல்லோடு வந்துவிடுகிறது. மெதுவாக விட வேண்டும், அவ்வளவுதான்.

காலைப் பனியில் நமத்த நெல்லைப் போடாதீர்கள், ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கிறது.

நெல் அளவே இருக்கும் கல்லுக்கு இந்த மெஷினில் வழியில்லை. காற்றும் அதைப் பிரிக்காது, சல்லடையும் பிரிக்காது. அதற்கு அம்மா முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.